பெயரில் 'இஸ்' இல்லாததால் ஓடாமல் போன சரிபார்ப்பு

வணக்கம் நண்பர்களே. போன வீடியோவில், ஜாவாவில் தரவைச் சரிபார்க்கும் பீன் வேலிடேஷனின் நாட்நல் அனோட்டேஷனை (ஒரு ஃபீல்ட் மதிப்பே இல்லாமல் இருக்கக் கூடாது என்று கோடில் போடும் குறியை)ப் பற்றிப் பேசியபோது, ஒரு ஃபீல்டின் மதிப்பைப் பொறுத்து இன்னொரு ஃபீல்டைக் கட்டாயமாக்குவது எப்படி என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். அதைச் செய்து காட்ட உட்கார்ந்த எனக்கு, நேற்று மாலை முழுவதும் ஒரே ஒரு மெத்தடின் பெயரிலேயே கழிந்துவிட்டது.

ஆர்டர் என்றொரு கிளாஸ். டெலிவரி முறை 'வீட்டுக்கு' என்றிருந்தால் முகவரி இருந்தே ஆக வேண்டும். 'நேரில்' என்றால் காலியாக இருக்கலாம். முகவரியின் மேல் நாட்நல் போட்டால் நேரில் வாங்குபவரின் ஆர்டரும் நிராகரிக்கப்படும் என்பதால், இரண்டு ஃபீல்டுகளையும் பார்த்து ட்ரூ அல்லது ஃபால்ஸ் தரும் ஒரு மெத்தடை எழுதி, அதன் மேல் அசர்ட்ட்ரூ (விடை ட்ரூவாகவே இருக்க வேண்டும் என்னும் அனோட்டேஷன்) போட்டு, 'செக்அட்ரஸ்' என்று பெயரும் வைத்தேன். முகவரியே இல்லாத ஆர்டர் தடையின்றி உள்ளே போனது! கம்பைலர் எச்சரிக்கவில்லை, லாகிலும் ஒரு வரி இல்லை. இப்படிச் சத்தமில்லாமல் தவறுவதுதான் எனக்கு மிகுந்த எரிச்சலைத் தருகிறது. ஆப்ஜெக்டைச் சரிபார்க்கும்போது பீன் வேலிடேஷன் ஃபீல்டுகளையும் கெட்டர்களையும் கிளாஸையும் மட்டுமே பார்க்கும். கெட்டர் என்றால் 'கெட்' என்றோ, ட்ரூ அல்லது ஃபால்ஸ் தருவதானால் 'இஸ்' என்றோ பெயர் தொடங்கும் மெத்தட். மற்ற மெத்தடுகளின் மேல் இருக்கும் அனோட்டேஷனை, அந்த மெத்தட் திருப்பித் தரும் மதிப்புக்கான தனி விதியாகவே அது எடுத்துக்கொள்ளும். பெயரை 'இஸ்அட்ரஸ்வேலிட்' என்று மாற்றி ஓட்டியதும் பிழைச்செய்தி வந்து நின்றது; ஒரு பிழைச்செய்தியைப் பார்த்து இவ்வளவு மகிழ்ந்தது எனக்கு நினைவில்லை.

சொல்ல மறந்துவிட்டேன்: கெட்டராகிவிட்ட அந்த மெத்தடை, ஆப்ஜெக்டை ஜேசன் என்னும் எழுத்து வடிவத் தரவாக மாற்றும் ஜாக்சன் லைப்ரரியும் ஒரு ப்ராப்பர்ட்டியாக எண்ணி, 'அட்ரஸ்வேலிட்' என்று ஜேசனில் சேர்த்துவிடும், அதன் மேல் ஜேசன்இக்னோர் போட்டுவிடுங்கள்.

இதற்குக் குரூப்களை (எப்போது எந்த விதிகளைச் சரிபார்ப்பது என்று பிரித்து வைக்கும் தொகுப்புகளை)ப் பயன்படுத்துவது எனக்கு அறவே பிடிக்காது. எந்தக் குரூப் என்பதை வேலிடேட்டரை அழைக்கும் இடமே முடிவு செய்ய வேண்டியிருப்பதால், ஆப்ஜெக்டின் விதி ஆப்ஜெக்டை விட்டு வெளியே போய்விடுகிறது. இத்தகைய நிபந்தனைகள் இரண்டு மூன்றைத் தாண்டினால், கிளாஸின் மேல் போடும் சொந்தக் கன்ஸ்ட்ரெயின்ட்டை, அதாவது நாமே உருவாக்கும் சரிபார்ப்பு விதியைத்தான் நான் எழுதுவேன். அதில் ஆட்ப்ராப்பர்ட்டிநோட் என்னும் மெத்தட் மூலம் பிழையை முகவரி ஃபீல்டிலேயே கட்டிவிடலாம் என்பதால், படிவத்தில் சிவப்பு எழுத்து சரியான கட்டத்தின் கீழ் வந்து நிற்கும். அதற்கு முன் இயல்பான பிழையை முடக்கும் வரியை எழுதாவிட்டால், ஒரே தவறுக்கு இரண்டு செய்திகள் வரும்.

இன்னொன்றும் விட்டுப்போனது. 2020இல் வந்த பீன் வேலிடேஷன் 3.0 பதிப்பில் பேக்கேஜின் பெயர் 'ஜாவாஎக்ஸ்' என்பதிலிருந்து 'ஜகார்த்தா' என்று மாறியது. புதிய வேலிடேட்டரை வைத்துக்கொண்டு பழைய இம்போர்ட்டை விட்டுவைத்தாலும், அனோட்டேஷன்கள் இதேபோல் பேசாமல் கிடக்கும்.