டிடெக்டருக்கு வராத துகளை எடை போட்டது எப்படி? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

காரிமங்கலத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "ஹிக்ஸ் துகள் பிறந்த உடனே சிதைஞ்சுடுதுன்னு போன வாரம் சொன்னீங்க. டிடெக்டர் வரைக்கும் வந்தே சேராத துகளைக் கண்டுபிடிச்சேன்னு எப்படிச் சொல்றாங்க? அந்த ஆயுசை எந்தக் கடிகாரத்துல அளந்தாங்க?"

இந்தக் கடிகாரக் கேள்வி இருக்கே, நல்லா குடையற கேள்விங்க. அதைக் கடைசில பார்ப்போம்.

ஹிக்ஸ்ங்கறது, மத்த அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருதுன்னு விளக்கற துகள். ஜெனீவா பக்கத்துல எல்எச்சிங்கற பெரிய இயந்திரத்துல புரோட்டானும் புரோட்டானும் மோதினப்போதான் அது கிடைச்சுது. ஆயுசு எவ்வளவு? புள்ளி வெச்சு, 21 சைபர் போட்டு, அப்புறம் 16. அவ்வளவு நொடி. ஒளி வேகத்துல ஓடினாலும் ஒரு அணுவோட அகலத்துல ரெண்டாயிரத்துல ஒரு பங்குகூடத் தாண்டாது. டிடெக்டரோட முதல் அடுக்கு சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கு. கோலார் தங்கச் சுரங்கத்தைப் பத்திப் பேசினப்போ மியூவான்னு ஒரு துகள், எலக்ட்ரானோட கனமான அண்ணன், பார்த்தோம்ல? நமக்குப் பக்கத்துலதான். 1965ல ஏழாயிரம் அடிக்கும் கீழே, நியூட்ரினோங்கற, எதுலயும் லேசுல சிக்காத துகள் உண்டாக்கின மியூவானைப் பிடிச்சாங்க. மியூவானுக்கு ஆயுசு 2.2 மைக்ரோ நொடி. இந்த உலகத்துல அது கிழவன். கருவிக்குள்ள நேரா வந்து தடம் போட்டுட்டுப் போகும். ஹிக்ஸ் வராது. அதோட பிள்ளைங்கதான் வரும்.

பிள்ளைங்களோட ஆற்றலையும் திசையையும் அளந்தா, தாயோட நிறை கணக்குல வந்துடும். ஹிக்ஸ் ரெண்டு ஃபோட்டானா, அதாவது ஒளித்துகளா, சிதையுதுன்னு வைங்க. ஒண்ணு 80 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலுக்கும் நிறைக்கும் இங்கே எல்லாம் இதே அலகுதான்), இன்னொண்ணு 70. நடுவுல கோணம் 113 டிகிரி. ரெண்டு ஆற்றலையும் பெருக்கி ரெண்டால பெருக்குங்க, 11,200. ஒண்ணுல இருந்து கோணத்தோட கொசைனைக் (மைனஸ் 0.39) கழிங்க, 1.39. இதையும் அதையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்க. 124.8. ஹிக்ஸோட நிறை 125 பக்கம். பேப்பர்ல நீங்களே போட்டுப் பாருங்க.

இப்போ கோணம் ரெண்டு டிகிரி தப்பட்டும். 111ன்னு வெச்சா 123.3 வந்து நிக்கும். ஏன் தப்பும்? ஃபோட்டானுக்கு மின்னூட்டம் கிடையாது, வர்ற வழியில தடம் போடாது. 2012ல புரோட்டான் கொத்துங்க ஒரு தடவை குறுக்க போனா சராசரியா இருபது மோதல் சேர்ந்தே நடக்கும், சில சென்டிமீட்டர் நீளத்துல பரவி. இந்த ஃபோட்டான் அதுல எந்த மோதல்ல கிளம்புச்சு? தப்பான இடத்தைப் பிடிச்சா கோணம் போச்சு. ஆற்றல்லயும் வம்பு உண்டு. சிஎம்எஸ்ங்கற டிடெக்டர்ல ஃபோட்டானை நிறுத்தறது ஈய டங்ஸ்டேட் படிகம், 75 ஆயிரத்துக்கும் மேல. ஒரு டிகிரி சூடு ஏறினா அதோட வெளிச்சம் ரெண்டு சதவீதம் குறையும். அதனால 18 டிகிரியிலயே கட்டி வெச்சிருக்காங்க. கதிர்வீச்சுல படிகம் மங்கும், அதை லேசர் அடிச்சு அடிச்சுத் திருத்தறாங்க. தராசு சரியான்னு பார்க்க, நிறை ஏற்கெனவே துல்லியமா தெரிஞ்ச இசட் துகள் இருக்கு: எலக்ட்ரான் ஜோடியைக் கூட்டினா 91.19 வரணும்.

சரி, ஒரு ஜோடி 124.8 காட்டிடுச்சு. ஹிக்ஸா? சொல்ல முடியாதுங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு ஃபோட்டான்கூட அந்த எண்ணைத் தரும். தனியா ஒரு மோதல் ஒண்ணும் சொல்லாது, மேடுதான் சொல்லும்னு நான் எத்தனை தடவை சொன்னாலும் மறுபடி சொல்லுவேன். லட்சக்கணக்கான ஜோடியைக் கணக்குப் போட்டு வரைபடத்துல குவிச்சா, சம்பந்தமில்லாதது எல்லாம் வழுவழுன்னு சரிஞ்சு போகும். 125 கிட்ட மட்டும் சின்னதா ஒரு மேடு. வெறும் தற்செயலா அப்படி மேடு வர வாய்ப்பு 35 லட்சத்துல ஒண்ணுன்னு ஆனாத்தான் கண்டுபிடிப்புன்னு பேரு, 5 சிக்மாங்கறது அதுதான். 2012 ஜூலை 4 அன்னிக்கு அட்லஸ், சிஎம்எஸ்னு ரெண்டு டிடெக்டர் குழுவுமே அந்த அளவுக்கு வந்துச்சு. 2015 டிசம்பர்ல 750 கிட்ட ரெண்டு பேருக்கும் ஒரு மேடு தெரிஞ்சு ஊரே அமளி. அடுத்த ஆகஸ்ட்ல இன்னும் தரவு சேர்ந்ததும் மேடு கரைஞ்சுபோச்சு.

கடிகாரம்? கிடையாதுங்க. ஆயுசு குறைய குறைய மேடு அகலமாகும். இசட் மேடு 2.5 அகலம், அதுல இருந்து ஆயுசு கணக்குல வரும். ஹிக்ஸோட இயல்பான அகலம் 0.004தான். கருவியோட மங்கலே ஒண்ணு ரெண்டு இருக்கே, அதுல மறைஞ்சுடும். அதனால அந்த 21 சைபர் கோட்பாடு சொல்ற எண், நேரா அளந்தது இல்ல.

ஆனா தங்கச்சி, நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. பத்தாயிரம் ஹிக்ஸ்ல ஃபோட்டான் ஜோடியா சிதையறது 23தான். பி குவார்க்ங்கற கனமான துகள் ஜோடியா சிதையறது 5,800. அதை விட்டுட்டு இதை ஏன் தேடினாங்க? கிருஷ்ணகிரி சீசன்ல கூழ் ஃபேக்டரிக்குப் போற லாரி பூராவும் பெங்களூரா மாம்பழம். அதுல உங்க தோப்பு பெங்களூராவைத் தேடி எடுக்க முடியுமா? நாலு செந்தூரா மாம்பழம் போட்டிருந்தா எடுத்துடலாம். புரோட்டான் மோதல்ல பி குவார்க் ஜோடி கொட்டுது, ஹிக்ஸே இல்லாம. அதனால அந்தப் பக்கம் 5 சிக்மா வர 2018 ஆகஸ்ட் ஆச்சு. அதுவும், கூடவே டபிள்யூ துகளோ இசட் துகளோ பிறந்த மோதல்களைப் பொறுக்கி எடுத்த பிறகுதான் தெளிவா வந்துச்சு. மியூவான் ஜோடி பத்தாயிரத்துக்கு ரெண்டு. 2020ல சிஎம்எஸ் அதுல 3 சிக்மாவைத் தொட்டாங்க.