நெல்லிக்கனி யாருக்கு, அண்ணா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், பொங்கல் வேலையெல்லாம் முடித்துவிட்டு இந்தப் பனியிலும் எங்கள் தெருவில் வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம். ஐயா, அரூரிலிருந்து நீங்கள் வந்து இறங்கியதை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எதிரணித் தலைவர் அண்ணனுடைய வண்டியில்தான் வந்தீர்கள், அதுவும் முன் சீட்டில். அதனால் தீர்ப்பு அந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்லவில்லை. அந்த முன் சீட்டை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள், அப்புறம் அதற்கு வருகிறேன்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற குடும்ப வண்டியைப் புதுப் பாதுகாப்பு வசதிகளுக்காக மாற்ற வேண்டுமா வேண்டாமா என்பது தலைப்பு. வேண்டாம் என்று அண்ணன் பேசினார், சபை சிரித்தது, நானும்தான் சிரித்தேன். “என் வண்டி ஒரு நாள்கூட என்னை நடுரோட்டில் நிற்க வைத்ததில்லை” என்றார், கைதட்டினீர்கள். எங்கள் வீட்டு வண்டியும் அப்படித்தான். 2012 மாடல், ஏழு பேர் உட்காருகிற டீசல் வண்டி, இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் மார்கழிக் குளிரில் ஒரே திருகலில் ஸ்டார்ட் ஆகும். என் மாமனார் அதை வண்டி என்றே சொல்ல மாட்டார், “பெரியவன்” என்பார். வீட்டில் மூத்த பிள்ளை என் வீட்டுக்காரர்தான், அவருக்கே அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

அந்தப் பெரியவனில்தான் போன ஐப்பசியில் தொப்பூர் இறங்கினோம். சேலத்தில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. பொடித் தூறல். இவர் வேகமாகவெல்லாம் ஓட்டவில்லை, மூன்றாவது கியரில்தான் இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான், நடு சீட்டில் மாமனாரும் மாமியாரும், கடைசியில் இருக்கிற பக்கவாட்டு சீட்டுகளில் எதிரெதிராக என் பிள்ளைகள் இரண்டு பேரும், அவர்கள் காலுக்கு நடுவில் வளையல் பெட்டியும் ஐந்தடுக்கு டிபன் கேரியரும். முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. இவர் பிரேக்கை ஏறி மிதித்தார், டயர்கள் பூட்டிக்கொண்டன, ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார், சக்கரம் திரும்பித்தான் இருந்தது, ஆனால் வண்டி அதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ஈர ரோட்டில் நேராக வழுக்கிக்கொண்டு போனது. நின்றபோது லாரியின் பின்பலகையில் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதியிருந்ததில் எந்த எழுத்தில் பெயிண்ட் உரிந்திருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது, அவ்வளவு பக்கம். டிபன் கேரியர் பறந்து வந்து கியர் ராடு பக்கத்தில் கிடந்தது, டேஷ்போர்டு முழுக்க எலுமிச்சை சாதம். பெரியவளுக்கு நடு சீட்டின் கம்பியில் அடித்து உதடு கிழிந்துவிட்டது. சின்னவன் தாத்தா தோளைப் பிடித்துக்கொண்டு தொங்கினான், அங்கே எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அப்போது என் மாமனார் என்ன சொன்னார் தெரியுமா? “பாத்தியாம்மா, ஆஃப்கூட ஆகல.”

உண்மைதான், என்ஜின் சீராக ஓடிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நடுரோட்டில் நிற்காத வண்டி என்று பதின்மூன்று வருடம் பெருமையாகப் பேசியிருக்கிறோம், நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஏபிஎஸ் என்று ஒன்று இருந்திருந்தால், சக்கரம் பூட்டப்போகிறது என்று தெரிந்ததும் அதுவே பிரேக்கை ஒரு நொடிக்குள் பல தடவை விட்டு விட்டுப் பிடித்திருக்கும், காலுக்கடியில் பெடல் கடகடவென்று அதிரும், ஸ்டியரிங் சொன்ன பக்கம் வண்டி திரும்பியிருக்கும். 2019 ஏப்ரலிலிருந்து புதிதாக விற்கிற கார்களுக்கெல்லாம் அது கட்டாயம். எங்கள் பெரியவன் அதற்கு ஏழு வருடம் மூத்தவன், அவனிடம் அது இல்லை.

“ஒழுங்காகப் பராமரித்தால் போதும்” என்று எதிரணித் தம்பி ஒருவர் சொன்னார். தம்பி, நல்ல வார்த்தை. டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் ஆனால் ரப்பர் கெட்டிப்பட்டுப் போகும், மாற்றிவிட வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் மலை இறக்கத்தில் சூடேறிக் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இதெல்லாம் என் மாமனார் தேதி போட்டு நோட்டில் எழுதிச் செய்கிற மனிதர். அன்றைக்குப் போட்டிருந்தது புது டயர்தான். ஆனால் எந்த ஷெட்டிலாவது போய் “இந்த வண்டிக்கு ஆறு ஏர்பேக் போட்டுக்கொடுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள், மெக்கானிக் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைப்பார். அது சென்சார், கம்ப்யூட்டர், சீட், பெல்ட் எல்லாவற்றோடும் சேர்த்து ஆலையிலேயே கோத்து வருகிற சாமான், சீட் கவர் மாதிரி அப்புறம் மாட்டுகிறது இல்லை.

அடுத்தது அந்த இரும்புக் கதை. “பழைய வண்டி இரும்பு, இப்போது வருகிறதெல்லாம் தகரம், தட்டினால் நசுங்குகிறது” என்றார்கள். இதற்குப் பதிலைக் கிருஷ்ணகிரிக்காரர்களிடம் கேளுங்கள். சந்தூர்ப் பக்கம் மாங்காய்க்காரர் பழத்தை எப்படி அனுப்புகிறார்? வைக்கோல் போட்டு, காகிதம் போட்டுத்தானே? வெறும் இரும்புப் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றிப் பாருங்கள், பெட்டிக்குக் கீறல்கூட விழாது, உள்ளே திறந்தால் ஜூஸ். புது வண்டியின் மூக்கு நசுங்குவதற்காகவே செய்தது, அடியை அது வாங்கிக்கொள்ளும், ஆள் உட்கார்ந்திருக்கிற கூண்டு மட்டும் கெட்டியாக நிற்க வேண்டும். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று சந்தோஷப்படுகிறவர்கள் உள்ளே இருக்கிற பழத்தை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது முன் சீட்டுக்கு வருகிறேன். அண்ணன் எழுந்து, “என் வண்டி ஒன்றும் ஓட்டை இல்லை, 2020 மாடல், ஏபிஎஸ் இருக்கிறது, ஏர்பேக் இருக்கிறது” என்றார். எத்தனை ஏர்பேக் என்று கேட்டேன், சபைக்கு முன்னால், “ஒன்று” என்றுதான் சொன்னார். நியாயம்தான், 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநருக்கு ஒன்று கட்டாயம் என்று சட்டம் வந்தது. பக்கத்து சீட்டுக்கு அது எல்லா மாடலிலும் கட்டாயமாக 2022 பிறந்துவிட்டது. இடையில் வாங்கிய வண்டிகளில் நிறைய வண்டி அண்ணன் வண்டி மாதிரிதான், ஓட்டுகிறவருக்கு இருக்கும், பக்கத்தில் இருக்கிற அண்ணிக்கு இருக்காது, பின்னால் இருக்கிற அம்மாவைக் கேட்கவே வேண்டாம்.

இது எந்த ஊர் அண்ணா? தர்மபுரி, அந்தக் காலத்துத் தகடூர். ஆயுளை வளர்க்கிற நெல்லிக்கனி ஒன்றே ஒன்று கிடைத்தபோது அதைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தானே அதியமான், அவனுடைய ஊர். அந்த ஊரில் நாம், இருக்கிற ஒரு நெல்லிக்கனியை ஓட்டுகிறவரே வாயில் போட்டுக்கொண்டு, ஔவையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போகிறோம். அதுவும் மரியாதையாக, “ஐயா நீங்கள் முன்னால் உட்காருங்கள்” என்று சொல்லி.

ஐயா சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

எதிரணி அக்கா ஒருவர் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியைச் சொன்னார். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவில் பால்கர் பக்கத்தில் பாலத்துச் சுவரில் மோதி இறந்தாரே, அவர் போனது எவ்வளவு உயர்ந்த வண்டி, அதுவே காப்பாற்றவில்லை, நம் வண்டியை மாற்றி என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். அக்கா, அவர் பின் சீட்டில் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பெல்ட் போடாதவருக்கு ஏர்பேக் பாதிதான் உதவும், அது பெல்ட்டுக்குத் துணை, மாற்று இல்லை. சரி, பெல்ட்தான் முக்கியம் என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் பெரியவனில் என் பிள்ளைகள் உட்காருகிற அந்தப் பக்கவாட்டு சீட்டில் போடுவதற்குப் பெல்ட்டே கிடையாது. இல்லாததை நான் எங்கே போய் மாட்டுவது?

கேமரா, ரேடார், தானே பிரேக் பிடிக்கிற வண்டி என்று அண்ணன் கிண்டல் செய்ததில் எனக்குச் சண்டையே இல்லை. கோடே போடாத பென்னாகரத்து உள்ரோட்டில் கோட்டைப் பார்த்து ஓட்டுகிற கேமராவுக்கு என்ன வேலை? அஞ்செட்டி ரோட்டில் யானை நின்றால் அது என்ன செய்யும் என்று கேட்டீர்கள், எனக்குத் தெரிந்து யானையைப் பார்த்தால் எல்லாரும் செய்வதைத்தான் அதுவும் செய்ய வேண்டியிருக்கும். அது இருந்தால் இருக்கட்டும், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கச் சொல்லி நான் வாதாடவில்லை. சன்ரூஃப் வேண்டவே வேண்டாம், தர்மபுரி வெயிலுக்கு அதைத் திறந்து வைத்து, பிள்ளைகளை அதில் தலை நீட்ட விட்டு, அது ஒரு வசதியாம். நான் கேட்பது சின்னப் பட்டியல்தான்: உட்காருகிற எல்லாருக்கும் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற மூன்று முனை பெல்ட், பக்கவாட்டிலும் சேர்த்து ஆறு ஏர்பேக், ஏபிஎஸ், அதோடு வண்டி வழுக்கிச் சுழலாமல் பார்த்துக்கொள்கிற இஎஸ்சி. இந்தக் கடைசி ஒன்றை மட்டும் விடாதீர்கள். உயரமான வண்டி, வளைவில் எதிரே ராங் சைடில் பைக் வந்து நாம் சட்டென்று ஒடித்தால் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும், சில சமயம் கவிழும். எந்தச் சக்கரத்தை மட்டும் பிடித்தால் வண்டி நேராகும் என்று இஎஸ்சி பார்த்துப் பிடிக்கும். மனிதக் காலுக்கு இருப்பது ஒரு பெடல்தான், தனித்தனியாக நான்கு சக்கரத்தை அது பிடிக்க முடியாது.

பணம் எங்கே என்பீர்கள். நியாயமான கேள்வி, இந்த மேடையில் அதுதான் கனமான கேள்வி, ஏனென்றால் தக்காளி விலை ஒரு வாரம் ஏறி மறுவாரம் குப்பையில் கொட்டுகிற ஊரில் மாதத் தவணை கட்டச் சொல்லி வாயால் சொல்வது சுலபம். எங்கள் வீட்டிலும் இதற்குத்தான் இரண்டு மாதம் பேசினோம். புதுசே வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டு மூன்று வருடம் ஓடிய வண்டியாகப் பாருங்கள். 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்கேப் என்று மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள், பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக. இரண்டையும் பாருங்கள். மேல் வேரியண்ட் பளபளப்பில் மயங்காமல், ஏர்பேக் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 2020 டிசம்பரில் இதே தொப்பூரில் கட்டுப்பாடு இழந்த லாரி ஒன்று, தேங்கி நின்ற வண்டிகள் மேல் வரிசையாக மோதி நான்கு பேர் போனார்களே, நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற லாரி மேலே வந்து ஏறினால் ஐந்து நட்சத்திரமும் காப்பாற்றும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அந்த நட்சத்திரமெல்லாம் முன்னால் 64 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடுப்பில் மோதியும், பக்கவாட்டில் மோதியும் பார்த்துக் கொடுப்பது, தொப்பூர் லாரியை வைத்து இல்லை. அதற்கு ரோடு சரியாக வேண்டும், லாரிக்காரர் சரியாக வேண்டும். நம் கையில் இருப்பது நம் வண்டி ஒன்றுதான்.

பெரியவனை விற்கவில்லை ஐயா. விற்றால் இன்னொரு வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கவாட்டு சீட்டில்தானே உட்காரும் என்று மாமியார் சொல்லிவிட்டார். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டோம், தோட்டத்துக்கு உர மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறது. மாமனார்தான் ஓட்டுகிறார், பெல்ட் போட்டுக்கொண்டு.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிட்டேன். தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் எனக்குச் சம்மதம். ஒரே ஒரு வேண்டுகோள் ஐயா: ராத்திரி அரூர் திரும்பும்போது அண்ணனிடம் சாவியை வாங்கி வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள், அவர் முன் சீட்டில் உட்கார்ந்து வரட்டும்.