பின்னால் நிற்கிற பிள்ளையைப் பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தை டிரஃபிக்கைத் தாண்டி, பிள்ளைகளின் டியூஷனையும் ஒரு நாள் விட்டுவிட்டு இத்தனை அம்மா அப்பாமார் வந்திருக்கிறீர்கள், பயிற்சி கொடுக்கிற டீச்சர்மாரும் சிலர் வந்திருக்கிறீர்கள், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒருத்தியை மற்றவர்கள் தூக்கி நிறுத்திக் காட்டுகிற சியர்லீடிங் இருக்கிறதே, உங்கள் பிள்ளை அதைச் செய்கிற வீடியோ ஃபோனில் இருக்கும்தானே, இன்றிரவு அதை ஒருமுறை போட்டுப் பாருங்கள். மேலே நிற்கிற பிள்ளையை விடுங்கள், அவளை எல்லோரும்தான் பார்க்கிறார்கள். அவளுக்குப் பின்னால், முகம்கூடச் சரியாகத் தெரியாமல், இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு ஒரு பிள்ளை நிற்கிறாளா என்று பாருங்கள்.

அவளுக்குப் பெயர் பேக்ஸ்பொட். மேலே போகிறவள் ஃபிளையர், இரண்டு பக்கமும் நின்று பாதத்தைத் தாங்குகிறவர்கள் பேஸ். எல்லோரும் ஒன்றாக அசைவதற்கு ஒன்று, இரண்டு என்று பெரும்பாலும் எண்ணிச் சொல்கிறவள் பேக்ஸ்பொட்தான், கணுக்காலைப் பிடித்து பாரத்தில் ஒரு பங்கைத் தான் எடுத்துக்கொள்வாள், ஏதாவது பிழைத்துப் போனால் ஃபிளையரின் தலையும் கழுத்தும் தரையில் படாமல் தோளோடு சேர்த்து அணைத்துப் பிடிப்பாள். கண் எப்போதும் மேலேயே இருக்க வேண்டும், சபையைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு நேரம் கிடையாது. கொழும்பில் நான் போய்ப் பார்த்த பல குழுக்களில் அந்த இடத்தில் ஆளே இல்லை. கேட்டால் ஆள் காணாது மிஸ் என்கிறார்கள், அல்லது பின்னால் ஒருத்தி நின்றால் வடிவாக இராது என்கிறார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், பாடசாலையின் பெயர் வேண்டாம். சில வருஷங்களுக்கு முன்னால் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது உதவிக்கு வரச் சொன்னார்கள். நெட்போல் கோர்ட், சீமெந்துத் தரை, மெத்தை கிடையாது. பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி தோள் உயரத்தில் நின்றவள் பின்பக்கமாகச் சரிந்தாள். நான் இரண்டு எட்டுத் தூரத்தில்தான் நின்றேன். தோள் உயரத்திலிருந்து விழ அரை செக்கன் போதும், அந்த நேரத்தில் எந்தப் பெரிய மனிசராலும் இரண்டு எட்டுக்கூடப் போக முடியாது, கை ஏற்கெனவே அங்கே இருந்தால்தான் உண்டு. பிள்ளை எழும்பி “ஒன்றுமில்லை மிஸ்” என்றாள், தண்ணீர் குடித்தாள், பத்து நிமிஷத்தில் திரும்பவும் ஏறினாள். ஏற விட்டது பெரியவர்கள் நாங்கள்தான், நானும் அங்கே நின்றேன், தடுக்கவில்லை. அன்றிரவு சத்தி, தடுமாற்றம், ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு ஆறு கிழமை, புத்தகத்தைத் திறந்தாலே தலையிடி. அந்தப் பிள்ளை அந்தத் தவணைப் பரீட்சையே எழுதவில்லை.

சரி, இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நம்முடைய பாடசாலைகளின் பிக் மேட்ச் கிரிக்கெட்டில் பப்பரே பேண்டுக்கு முன்னால் நின்று கூட்டத்தைக் கத்த வைக்கிற பையன் இருக்கிறானே, 1898 நவம்பர் 2ஆம் திகதி அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் செய்ததும் அதுதான். ஆரம்பத்தில் ஆண்கள் மட்டும், 1923இல்தான் அங்கே பெண்கள் சேர்ந்தார்கள். இன்றைக்கு அது வேறே ஒன்று. இரண்டரை நிமிஷத்துக்குள் குட்டிக்கரணம், தூக்கல், பிரமிட், வீச்சு எல்லாம் முடிய வேண்டும், ஏப்ரல் மாதத்தில் ஒர்லாண்டோவில் உலக சம்பியன்ஷிப் நடக்கிறது, சர்வதேச சியர் சங்கத்துக்கு 2021 ஜூலையில் டோக்கியோவில் வைத்து ஒலிம்பிக் கமிட்டி முழு அங்கீகாரமும் கொடுத்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து ஒருத்தியை வீசுகிற பாஸ்கெட் டொஸ்ஸில் ஃபிளையர் ஆறு மீற்றர் உயரம் வரைகூடப் போவாள். அங்கிருந்து பிடிக்க ஆளில்லாமல் விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு நாற்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். காலி வீதியில் பஸ் ஓடுகிற வேகம் அது.

பயந்து பிள்ளையை நிற்பாட்டிவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2016இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. 22 விளையாட்டுகளை வரிசைப்படுத்தினால், காயம் படுகிற வீதத்தில் சியர்லீடிங் 18ஆவது இடம்தான். ஆனால் பட்டால் பலமாகப் படுகிறது, மூன்று கிழமைக்கு மேல் விளையாட முடியாமல் போகிற காயங்களின் பங்கில் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு அடுத்ததாக அது நிற்கிறது. பாதிக்கு மேற்பட்ட காயங்கள் தூக்கல்களின்போது வந்தவை, அதிகம் வந்த காயம் மூளை அதிர்வு, கன்கஷன் என்கிறோமே, அதுதான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இலேயே இதை ஒரு விளையாட்டாக நடத்துங்கள் என்று கேட்டது. அவர்கள் சொன்னது சாதாரண விஷயங்கள்தான்: பயிற்சி பெற்ற கோச் வேண்டும், பருவம் தொடங்க முன் வைத்தியப் பரிசோதனை வேண்டும், பிரமிட் இரண்டு ஆள் உயரத்தைத் தாண்டக் கூடாது, கெட்டித் தரையிலும் ஈரத் தரையிலும் தூக்கக் கூடாது. நம்முடைய பாடசாலைகளில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இல்ல அலங்காரம், அணிநடை, உடற்பயிற்சிக் கண்காட்சி என்று ஒரு வரிசை இருக்கிறதல்லவா, சியரையும் அந்த வரிசையில் போட்டுவிட்டோம், அது பார்க்கிறவர்களுக்கான காட்சி என்று. காட்சிக்கு உடுப்புத் தைக்கக் காசு சேர்க்கிறோம், மெத்தை வாங்க யாரும் காசு கேட்பதில்லை.

2006 மார்ச்சில் சென்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு கூடைப்பந்துப் போட்டியின் நடுவே கல்லூரிப் பிள்ளை ஒருத்தி பிரமிட்டிலிருந்து விழுந்தாள். கழுத்தெலும்பில் வெடிப்பு, மூளை அதிர்வு, நுரையீரலிலும் அடி. ஸ்ட்ரெச்சரில் கட்டிக் கொண்டுபோகும்போது பேண்ட் அவர்களுடைய அணிப்பாட்டை வாசித்தது, அவள் படுத்தபடியே கையை அசைத்து ஆடினாள், அரங்கம் முழுக்க எழும்பிக் கைதட்டியது. துணிச்சல் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கு அந்தக் காட்சி பார்க்கவே முடியவில்லை, என் காதில் “ஒன்றுமில்லை மிஸ்” என்ற குரல்தான் கேட்டது. பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள், எவ்வளவு வலித்தாலும் அணியைக் கைவிட மாட்டார்கள், அதனால் பிள்ளையின் வாயை நம்பி முடிவெடுக்க முடியாது. அந்த விழுகைக்குப் பிறகு மெத்தை இல்லாத கூடைப்பந்துத் தரையில் பாஸ்கெட் டொஸ் செய்வதை அங்கே நிறுத்தினார்கள்.

ஆகவே தலை அடிபட்டால், அடிபட்டதோ என்று சந்தேகம் வந்தாலும், அன்றைக்கு அந்தப் பிள்ளை திரும்ப ஏறக் கூடாது. நாளைக்குப் போட்டி என்றாலும் கூடாது. வைத்தியர் பார்க்க வேண்டும், முதல் ஓரிரு நாள் ஓய்வு, ஃபோனையும் குறைக்க வேண்டும், பிறகு நடை, மெல்ல ஓட்டம், தரையில் செய்கிற பயிற்சி என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு. தொடர்ந்து சத்தி எடுத்தால், தலையிடி கூடிக்கொண்டே போனால், எழுப்ப முடியாத தூக்கம் என்றால், வலிப்பு வந்தால், உடனே ஆஸ்பத்திரி. கழுத்து நோகிறது, கை கால் விறைக்கிறது என்று பிள்ளை சொன்னால் தயவுசெய்து தூக்கி இருத்தாதீர்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கி திரீவீலருக்குள் மடக்கி ஏற்றுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன், பாசத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் முள்ளந்தண்டு கெட்டுப் போவது அந்த ஏற்றலில்தான் நடக்கலாம். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கிடையாது.

இன்னொன்று, இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடம், ஆனாலும் சொல்ல வேண்டும். இது ஆளை ஆள் தொட்டுச் செய்கிற விளையாட்டு. 2022இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் சியர் கோச்மார் பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்தார்கள் என்று அடுக்கடுக்காக வழக்குகள் வந்தன. கதவு பூட்டிய பயிற்சி வேண்டாம், கோச் பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்ப வேண்டாம், நீங்கள் எப்போது வந்தாலும் பார்க்க விட வேண்டும். பார்க்க விடாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். சந்தேகம் என்றால் சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற ஃபோன் இலக்கம் இருக்கிறது. ஃபிளையர் பாரம் கூடிவிட்டாள் என்று சாப்பாட்டைக் குறைக்கச் சொல்கிற கோச்சிடமும் நீங்கள் போய்ப் பேச வேண்டும்.

பேசினது போதும். மேடைக்குப் பின்னால் நாலு பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள், தொடை உயரத் தூக்கல் ஒன்றுதான் காட்டப் போகிறார்கள், அதைச் சரியாகச் செய்யாமல் தோள் உயரத்துக்குப் போக நான் விடுவதில்லை. மெத்தை கொஞ்சம் பாரம். இரண்டு அப்பாமார் வாங்கோ, பிடித்துப் போடுவோம், அப்புறம் இந்தப் பக்கத்து அம்மாமார் ஒவ்வொருத்தராக வந்து பின்னால் நில்லுங்கள், கை எங்கே இருக்க வேண்டும் என்று காட்டுகிறேன்.