சம்பளம் வராத 35 நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

அரசு அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது என்றால் நமக்கு வேலைநிறுத்தம்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் அவ்வப்போது நடக்கும் அரசு முடக்கம் வேறு மாதிரி. ஊழியர்கள் வேலைக்கு வரத் தயாராக இருப்பார்கள். செலவுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இருக்காது. அங்கே அக்டோபர் 1 அன்று நிதியாண்டு பிறக்கிறது. அதற்குள் நிதி மசோதா நிறைவேறாவிட்டால் சிக்கல்தான். முன்பெல்லாம் அப்படி இழுபறி வந்தாலும் அலுவலகங்கள் பெரும்பாலும் திறந்தே இருந்தன. ஒப்புதல் இல்லாத செலவைத் தடுக்கும் பழைய சட்டம் ஒன்று உண்டு. அதை 1980-இல் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி கறாராக விளக்கிய பிறகுதான் கதவு மூடும் வழக்கம் வந்தது.

2018 டிசம்பர் 22 அன்று தொடங்கிய முடக்கத்தைப் பாருங்கள். மெக்சிகோ எல்லையில் சுவர் கட்டப் பணம் ஒதுக்குவதில் தகராறு. 35 நாள் நீடித்தது. சுமார் 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், அத்தியாவசியப் பணி என்பதால், சம்பளம் இல்லாமலே வேலைக்கு வந்தார்கள். விமான நிலையச் சோதனையாளர், சிறைக் காவலர், கடலோரக் காவல் படையினர் எல்லாரும் அதில் அடக்கம். வாஷிங்டனில் சமையல் கலைஞர் ஹோசே ஆண்ட்ரேஸின் தொண்டு நிறுவனம் இலவசமாக உணவு கொடுத்தபோது, அரசு அடையாள அட்டையைக் காட்டி வரிசையில் நின்றார்கள். மாதச் சம்பளக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வரிசையின் வலி புரியும்.

ஜனவரி 25 அன்று விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் போதாமல் நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்துக்கு வரும் விமானங்கள் சற்று நேரம் நிறுத்தப்பட்டன. அன்றே உடன்பாடு வந்தது. அந்த ஊழியர்களின் கஷ்டம் அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்ததா என்று எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு.

சரி, நிலுவைச் சம்பளம்? அதற்கு 2019-இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் அது அரசின் நேரடி ஊழியர்களுக்கு மட்டும். அதே கட்டடத்தில் தரை துடைப்பவர், உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர், வாசலில் நிற்கும் காவலாளி எனப் பலரும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். கட்டடம் மூடினால் அவர்களுக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. திறந்த பிறகும் அந்த நாட்களுக்குப் பணம் வரும் என்ற உறுதி இல்லை. அங்கே மிகக் குறைந்த கூலி வாங்குபவர்களும் இவர்கள்தான். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

2025-இல் முடக்கம் 43 நாள் நீண்டது. சுமார் 4.2 கோடிப் பேர் நம்பியிருக்கும் உணவு உதவி நவம்பர் தொடக்கத்தில் தடைப்பட்டது. அப்போதும் நேரடி ஊழியர்களுக்குச் சட்டம் துணை நின்றது. தரை துடைப்பவருக்கு அந்தத் துணை இல்லை.