எத்தனை ஜி.பி. கார்டு?

நேயர்களுக்கு வணக்கம்.

தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்கிவிட்டது. பல வீடுகளில் இப்போது ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கும். கணினியில் விளையாட, திரைக்குப் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று பிள்ளை கேட்கும்; விலையைக் கேட்ட அப்பா பேச்சை மாற்றுவார். இரு தரப்புக்கும் சேர்த்தே பேசுகிறேன். இந்தக் கார்டை வாங்குங்கள் என்று பெயர் சொல்லப்போவதில்லை. இன்று சொல்லும் பெயர் அடுத்த விடுமுறைக்குள் பழசாகிவிடும். கடையில் எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடை வாசலில் நின்றாலும் காதில் விழும் கேள்வி இது: "நான்கு ஜி.பி. கார்டு என்ன விலை?" ஜி.பி. என்பது கார்டில் இருக்கும் நினைவகத்தின் அளவு. இந்தக் கேள்விதான் என் தீராத வழக்கு. ஜி.டி. 730 என்று ஒரு பழைய கார்டு உண்டு. அது 4 ஜி.பி. நினைவகத்தோடும் விற்றது. 2016இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 கார்டில் 2 ஜி.பி.தான். ஜி.பி. கணக்கில் முதலாவதுதான் பெரியது. விளையாட்டில் உட்கார்ந்தால் இரண்டாவதன் கிட்டேகூட அது நெருங்காது. டி.டி.ஆர்.3 என்பது நினைவகத்தின் வகை, பிட் என்பது தகவல் வரும் பாதையின் அகலம். 730இன் 64 பிட் டி.டி.ஆர்.3 வகையில் நினைவகத்திலிருந்து நொடிக்கு 14 ஜிகாபைட் அளவுக்குத்தான் தகவல் வரும், 1050இல் 112. மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி கட்டிவிட்டு அரை அங்குலக் குழாய் போட்டால், வாளி நிறையும்வரை காத்திருக்க வேண்டியதுதானே?

பெயரையாவது நம்பலாமா என்றால், அதுவும் இல்லை. ஜி.டி. 1030 கார்டு 2017இல் வந்தபோது அதன் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிகாபைட். மறு ஆண்டே டி.டி.ஆர்.4 நினைவகத்தோடு ஒரு வகை வந்தது. பெயர் அதே ஜி.டி. 1030, வேகம் 17க்கும் கீழே. ஜி.டி.எக்ஸ். 1060 இன்னொரு கதை. 3 ஜி.பி., 6 ஜி.பி. என இரண்டு வகை. வேறுபாடு நினைவகத்தில் மட்டும்தான் என்று வாங்கியவர்கள் நினைத்தார்கள். உள்ளே இருந்த கணக்கிடும் அலகுகளே பெரியதில் 1280, சிறியதில் 1152! ஆகவே பெட்டியில் பெரிய எழுத்தைப் படித்ததோடு நிறுத்தாதீர்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் நினைவகத்தின் வகையும் எத்தனை பிட் என்பதும் இருக்கும். அதைப் படியுங்கள்.

ஜி.பி. வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதிய பெரிய விளையாட்டுகளில் படத் தரத்தை உச்சத்தில் வைத்தால் 8 ஜி.பி.கூட நிரம்பித் திணறும். அது இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும் என்கிறேன். முதல் கேள்வி, உங்கள் மானிட்டர் எது?

சாதாரண முழு எச்.டி. திரையில் சுமார் 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். நொடிக்கு அறுபது முறை அத்தனையையும் கார்டு புதிதாக வரைய வேண்டும். 4கே திரை என்றால் புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு. அதனால் 4கே திரைக்காரருக்குத் தேவைப்படும் கார்டு, 60 ஹெர்ட்ஸ் பழைய திரை வைத்திருப்பவருக்குத் தண்டச் செலவு. ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை படம் மாற்றும் என்ற கணக்கு. கார்டு நொடிக்கு நூற்றைம்பது படம் வரைந்தாலும் அந்தத் திரை காட்டப்போவது அறுபதைத்தான். கடைக்காரரிடம் முதலில் திரையைச் சொல்லுங்கள், பிறகு விளையாட்டைச் சொல்லுங்கள், அதன்பிறகு பட்ஜெட்டைச் சொல்லுங்கள்.

திரை என்றதும் எங்கள் குடியிருப்புத் தம்பி ஒருவன் நினைவுக்கு வருகிறான். "சார், புதுக் கார்டு போட்டும் பழையபடியே திக்கித் திக்கி ஓடுகிறது" என்று கூட்டிப் போனான். நான் கணினியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். "படம் முன்னால்தானே தெரிகிறது, பின்னால் என்ன தேடுகிறீர்கள்?" என்றார் அவனுடைய பாட்டி. பின்னால்தான் இருந்தது விஷயம். கீபோர்டும் மவுஸும் செருகும் இடத்துக்கு அருகில் ஓர் எச்.டி.எம்.ஐ. துளை இருக்குமே, அது கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டுடையது. கார்டின் துளைகள் அதற்குக் கீழே, படுக்கைவாட்டில் இருக்கும். பையன் மானிட்டர் கேபிளை மேலேயே விட்டுவைத்திருந்தான். பிராசசரில் இருக்கும் சின்ன கிராபிக்ஸ்தான் அத்தனை நாளும் படம் காட்டியிருக்கிறது. பல ஆயிரம் ரூபாய்க் கார்டு உள்ளே சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. கேபிளைக் கீழே மாற்றினேன். பாட்டி காப்பி கொடுத்தார். இன்னும் ஒன்று, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்கள் விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் போய் ஒருமுறை பாருங்கள். பல வீடுகளில் அது 60இலேயே நிற்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்குகிறேன். மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் அதற்குத் தரும் மின்சாரம் 75 வாட்தான். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு 115 வாட், 3060க்கு 170 வாட். மீதியைத் தனி ஒயர் வழியாக எஸ்.எம்.பி.எஸ். கொடுத்தாக வேண்டும். கேபினெட்டோடு இலவசமாக வந்ததை நம்பாதீர்கள். பழைய கார்டு வாங்குவதானால், கிரிப்டோ நாணயம் ஈட்டும் 'சுரங்க' வேலையில் இரவு பகலாக ஓடியவையும் சந்தையில் கலந்திருக்கின்றன. கடையிலேயே ஒரு விளையாட்டை ஓட்டிப் பார்த்துப் பணம் கொடுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும்முன் கேபினெட்டுக்குள் எவ்வளவு நீளம் இடம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். மூன்று விசிறிக் கார்டுகள் பலவும் ஓர் அடி ஸ்கேல் நீளத்தை எட்டிவிடுகின்றன. நன்றி, வணக்கம்.