இரண்டு மணிகளில் ஒரு தீர்ப்பு

வணக்கம் நேயர்களே.

பக்கத்து வீட்டுக்காரர் தன்னை வேவு பார்க்கிறார் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "நான் விளக்கை அணைத்த அதே நேரத்தில் அவரும் அணைத்தார்" என்கிறார். கேட்கிறவர்கள், புத்தி பேதலித்துவிட்டது என்று பேச்சை முடித்துக்கொள்வார்கள். மருத்துவர்களும் வெகுகாலம் இதற்கு அருகில்தான் இருந்தார்கள். இத்தகைய நம்பிக்கைகளின் வேர் நம் புரிதலுக்கு அப்பாற்பட்டது என்று ஜெர்மன் மருத்துவர் கார்ல் யாஸ்பர்ஸ் 1913இல் எழுதினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனச்சிதைவு போன்ற, நிஜத்தின் மீதான பிடி நழுவும் சைக்கோசிஸ் நோய்களில் வரும் பிறழ் நம்பிக்கைக்குப் பின்னாலும் ஒரு யோசனை ஓடுகிறது. அது எந்த இடத்தில் தடம் மாறுகிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

1988இல் ஹக், காரெட்டி, ஹெம்ஸ்லி என்ற மூவர் லண்டனிலிருந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு குடுவைகள். ஒன்றில் 85 சிவப்பு மணி, 15 நீல மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றதில் அப்படியே தலைகீழ். ஏதோ ஒரு குடுவையிலிருந்து மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார்கள், அது எந்தக் குடுவை என்று நீங்கள் சொல்ல வேண்டும். எத்தனை மணி வேண்டுமானாலும் கேட்கலாம், அவசரமே இல்லை. மற்றவர்கள் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டுக்கொண்டிருக்க, பிறழ் நம்பிக்கை உள்ளவர்களில் பலர் ஒன்றிரண்டு மணிகளிலேயே விடையைச் சொல்லிவிட்டார்கள். பிறகு பல நாடுகளில் செய்தபோதும் இதே போக்கு தென்பட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் மணி சிவப்பு என்றால், அது சிவப்பு அதிகமுள்ள குடுவை என்பதற்கு வாய்ப்பு 85 சதவீதம். இரண்டாவதும் சிவப்பு என்றால் 97 சதவீதம். ஆக, இரண்டு மணியில் விடை சொன்னவர் கணக்குப்படி பெரிய தவறு எதுவும் செய்துவிடவில்லை. நாம்தான் தேவைக்கு மேல் தயங்குகிறோம்! ஆனால் குடுவையில் 60க்கு 40 என்று கலந்து வைத்தால், இரண்டு சிவப்பு மணிகள் தரும் உறுதி 69 சதவீதம்தான். அங்கேயும் அவர்கள் மற்றவர்களைவிட முந்திக்கொள்கிறார்கள். வாழ்க்கையில் நமக்குக் கிடைக்கும் தடயங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அடுத்த வீட்டு விளக்கு அணைந்தது அதில் ஒரு மணி, அவ்வளவுதான்.

சரி, அவசர முடிவு எல்லோரும் எடுப்பதுதானே என்று கேட்பீர்கள். எடுக்கிறோம், பிறகு மாற்றிக்கொள்கிறோம். ஒருவர் ஒரு வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே இறங்குகிறார் என்று சொன்னால் திருடன் என்று நினைப்போம். உள்ளே போனவர் சாவகாசமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார் என்று கேட்டதும், சாவியைத் தொலைத்த வீட்டுக்காரர் போலிருக்கிறது என்று மனம் திரும்பிவிடும். இப்படிப்பட்ட சோதனைகளை டாட் உட்வர்ட், ஸ்டெஃபன் மொரிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் செய்தார்கள். பிறழ் நம்பிக்கை உள்ளவர்களுக்கு அந்தத் திரும்புதல் கடினமாக இருந்தது. எதிர்ச் சான்று அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை, அதற்கு எடை கிடைப்பதில்லை.

யோசனைக் கோணல் மட்டுமே போதுமா? போதாது. மனைவியின் முகத்தை வைத்துக்கொண்டு வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நம்பும் காப்கிராஸ் நிலையைப் பாருங்கள். தெரிந்த முகத்தைப் பார்த்தால் நம் உடலில் ஒரு சிறு சிலிர்ப்பு எழும். தோலில் கருவி வைத்தால் அது பதிவாகும். காப்கிராஸ் உள்ளவர்களிடம் அது மங்கியிருக்கிறது. எதிரே நிற்பது அவள்தான், ஆனால் அவளாகத் தோன்றவில்லை. விசித்திரமான அனுபவம்தான். ஆனால் மூளையின் முன்பகுதியில் அடிபட்ட சிலரிடமும் இதே சிலிர்ப்பு இல்லை. அவர்கள் யாரையும் போலி என்று சொல்வதில்லை. அதனால்தான் மாக்ஸ் கோல்ட்ஹார்ட் என்ற ஆய்வாளர் இரண்டு பழுதுகள் வேண்டும் என்றார். அனுபவத்தில் ஒன்று, அந்த அனுபவத்துக்கு மனம் தரும் விளக்கத்தைச் சரிபார்க்கும் இடத்தில் இன்னொன்று.

இதை வைத்துச் சிகிச்சையும் வந்திருக்கிறது, மருந்துக்கு மாற்றாக அல்ல, மருந்தோடு சேர்த்து. இன்னொருவர் எடுக்கும் அவசர முடிவைப் பற்றிப் பேசவைத்து, பிறகு தன் முடிவைத் தானே ஆறப்போட்டுப் பார்க்கப் பழக்குகிறார்கள். காரெட்டியின் குழு 361 பேரிடம் செய்த சோதனை 2021இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, இதையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் சந்தேக எண்ணங்கள் 12 வாரத்தில் குறைந்திருந்தன. முக்கிய அளவீடாக வைத்திருந்த 24ஆவது வாரத்தில் அந்த வித்தியாசம் உறுதியாக நிற்கவில்லை. பலன் கிடைத்தவர்களிடம் கவலை குறைந்திருந்தது, "நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்" என்பதற்கு மனதில் இடம் வந்திருந்தது.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், "அப்படி எதுவும் இல்லை" என்று வாதாடிப் பயனில்லை. நீங்களும் அந்தச் சதியில் ஆள் ஆகிவிடுவீர்கள். என்ன பார்த்தீர்கள், அதற்கு வேறு காரணம் இருக்க முடியுமா, நூற்றுக்கு எவ்வளவு நிச்சயம் என்று நிதானமாகக் கேளுங்கள். போன வாரம் நூறு என்றவர் இன்று தொண்ணூறு என்றால், அதை மனநல மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.