சர்க்கரை எங்க போச்சு?

நடுவர் அவர்களே, "ஆரம்பப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு அணு, ஈர்ப்பு விசை மாதிரி கண்ணுக்குத் தெரியாத சயின்ஸ் தேவையா தேவையில்லையா"ங்கறது தலைப்பு, நான் தேவைங்கற கட்சி. முன்னாடி பேசின எதிரணி அண்ணன், குழந்தைங்க எப்படி யோசிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணின உளவியல் அறிஞர் பியாஜேவையே மேடைக்குக் கூட்டிட்டு வந்துட்டாரு. குட்டை டம்ளர் தண்ணிய உயரமான ஒல்லி டம்ளர்ல ஊத்தினா அஞ்சு வயசுப் புள்ள "இதுலதான் ஜாஸ்தி"ன்னு சொல்லுது, அதுகிட்டப் போயி அணுவான்னு கேட்டாரு. நானும்தான் கை தட்டினேன். ஆனா 1974ல மெக்காரிகிளும் டொனால்ட்சனும் அதே மாதிரி சோதனைய வில்லைங்கள வரிசையா அடுக்கி வச்சுப் பண்ணாங்க, வரிசைய பெரியவங்க கலைக்காம ஒரு வாலு கரடி பொம்மை வந்து கலைச்ச மாதிரி காட்டினாங்க, உடனே நிறையப் பிள்ளைங்க "எண்ணிக்கை அதேதான்"னு கரெக்டா சொல்லிடுச்சுங்க. பெரியவங்களே வேணும்னு மாத்தி வச்சுட்டு அதே கேள்விய திரும்பக் கேட்டா பதில மாத்தணும் போலன்னு புள்ள நினைக்குது, அவ்வளவுதான். நம்ம வீட்லயே பாருங்க, "நிஜமாவா சொல்ற?"ன்னு கேட்டா நாமளே மாத்திடுறோம்.

அடுத்து ஒரு அம்மா பூமி கதைய எடுத்தாங்க. வோஸ்னியாடு, ப்ரூவர் 1992ல எழுதின ஆய்வு, பூமி எப்படி இருக்கும்னு பிள்ளைங்கள கேட்டா உருண்டைங்கும், சரி ஜனங்க எங்க இருக்காங்கன்னு கேட்டா சில புள்ளைங்க உருண்டைக்கு உள்ள தட்டையா ஒரு தரை போட்டு அதுல நிக்கிறாங்கன்னுச்சாம், சில புள்ளைங்க வானத்துல ஒரு பூமி, காலுக்குக் கீழ ஒரு பூமின்னு ரெண்டு பூமிய வச்சுக்கிச்சாம். பாத்தீங்களா புரியலன்னாங்க அந்த அம்மா. எனக்கு அதுல வேற ஒண்ணு தெரியுது, உருண்டைன்னு சொன்னவங்க கீழ்ப்பக்கம் இருக்கறவன் ஏன் விழலன்னு சொல்லவே இல்ல. ஈர்ப்பு விசை பெரிய கிளாஸ்ல வரும்னு ஒதுக்கி வச்சுட்டாங்க, நடுவுல விட்ட ஓட்டைய புள்ளைங்க தானா யோசிச்சு அடைச்சிருக்கு. நாம சொல்லித்தரலன்னா அதுங்க சும்மா இருக்காதுங்க ஐயா, சொந்தமா ஒரு தியரி கட்டிடும், அப்புறம் அத இடிக்கறது நம்ம பாடு.

அதுக்காக அணுவுக்கு டெபினிஷன் மனப்பாடம் பண்ணச் சொல்றேன்னு நினைக்காதீங்க, அத ஒப்பிச்சா எதிரணிக்கு நானே ஓட்டு போடுவேன். தண்ணியையும் சர்க்கரையையும் சேத்து தராசுல வைங்க, கலக்குங்க, திரும்ப வைங்க. கண்ணுக்குக் காணோம், எடை மட்டும் அப்படியே நிக்குது. புள்ள ஒரு நிமிஷம் முழிக்கும் பாருங்க, பாடம் அங்கதான் ஆரம்பிக்குது. கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியா ஆகி உள்ளேயே இருக்குன்னு அதுவே சொல்லும், சொல்லலன்னா நாம சொல்லலாம், ஒரு மில்லிமீட்டருக்குள்ள சுமார் ஒரு கோடி அணுவ வரிசையா நிறுத்தலாம்னு அப்ப சொன்னா வாயப் பொளந்து கேக்கும்.

இது ஆசைக்குச் சொல்றதும் இல்ல. நோவக்கும் முசோண்டாவும் 1991ல வெளியிட்ட ஆய்வுல, பொருள் துகள்களால ஆனதுங்கற மாதிரி பாடங்கள ஒண்ணாம் ரெண்டாம் கிளாஸ்லயே கேட்ட பிள்ளைங்கள பன்னெண்டாவது வரைக்கும் விடாம பின்தொடர்ந்தாங்க, அந்தப் பாடம் கேக்காத பிள்ளைங்களவிட இவங்ககிட்ட தப்பான புரிதல் கம்மியா இருந்துச்சு.

பெல் அடிச்சுட்டீங்க, உக்காந்துடுறேன். அடுத்து வர்ற எதிரணி அண்ணன்கிட்ட ஒண்ணே ஒண்ணு, அந்த டம்ளர் சர்க்கரை எங்க போச்சுன்னு ஆறு வயசுப் புள்ள கேட்டா "பெரிய கிளாஸ் போனா தெரியும்"னு சொல்லுவாரா, இல்ல வேற பதில் இருக்கா, அத சொல்லிட்டு அவர் பேச்ச ஆரம்பிக்கட்டும்.